பின்தங்கிய பிள்ளைக்கு ஆராய்ச்சி காட்டிய வழி

காசிக்குப் படிக்க வந்த முதல் வாரம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். கடைத்தெருவில் நடந்தோம். ஆங்கிலம் இல்லாத பலகைகளெல்லாம் கோடும் கொக்கியுமாகத் தோன்றின. எது மருந்துக் கடை, எது துணிக் கடை என்று பலகையைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. உள்ளே எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். பட்டம் பெற வந்தவர்கள் நாம். ஆனால் அந்தத் தெருவில் எழுத்தறியாதவர்கள்.

ஆயினும் நம்மை எவரும் மந்தபுத்தி என்று கூறவில்லை. "தெற்கேயிருந்து வந்தவர், இந்தி எழுத்துத் தெரியாது" என்றார்கள். அவ்வளவுதான். இரண்டு மூன்று வாரம் உட்கார்ந்து கற்றோம், தெரிந்துகொண்டோம்.

இதே நிலையில் ஒரு சிறுவன் பள்ளியிலே அமர்ந்திருந்தால் அவனைப் பற்றி என்ன சொல்லுகிறோம்? "அவனுக்கு எழுத்துத் தெரியாது" என்று சொல்லுவதில்லை. "அவனுக்குப் படிப்பு வராது" என்று சொல்லுகிறோம். தெரியாது என்பது வேறு; வராது என்பது வேறு. முன்னது மாற்றக்கூடிய குறை. பின்னது தீர்ப்பு. இவ்விரண்டையும் பிரித்தறிய ஆராய்ச்சி எவ்வாறு உதவியது, பிரித்தறிந்த பின் பின்தங்கிய பிள்ளைகளுக்கு என்ன செய்ய முடிந்தது என்பதையே இக் கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன்.

விரலும் வாயும்

எங்கள் விடுதிச் சமையற்கூடத்தில் வேலை செய்யும் அன்பர் ஒருவரின் மகன் ஐந்தாம் வகுப்பில் படித்து வந்தான். மாலை வேளையில் அவனுக்குச் சிறிது பாடம் சொல்லிக் கொடுக்கும்படி அவர் கேட்டார். இசைந்தேன். முதல் நாள் அவனுடைய பாடப் புத்தகத்தை எடுத்து வாசிக்கச் சொன்னேன். கடகடவென்று ஒரு பக்கம் வாசித்தான். பிள்ளை கெட்டிக்காரன் என்று மகிழ்ந்தேன். ஆறு வாரம் அந்தப் புத்தகத்தையே நடத்தினேன். கேள்விக்கு விடை எழுதச் சொன்னால் மட்டும் தலை குனிந்துகொள்வான். சோம்பல் என்று எண்ணி ஒருநாள் கடிந்தும் பேசினேன்.

உண்மையை எனக்குக் காட்டியது என்னுடைய அறியாமையேயாகும். நான் அப்பொழுதுதான் இந்தி எழுத்துக் கற்றவன். எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆகவே அவன் விரல் செல்லும் இடத்தை என் கண்ணும் தொடர்ந்து சென்றது. ஒருநாள் அவன் வாய் நான்காம் வரியைச் சொல்லிற்று. விரல் இரண்டாம் வரியிலேயே நின்றது. புத்தகத்தை மூடிவிட்டு, வேறு ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினேன். பேச்சு நின்றுவிட்டது. எழுத்துக்களைத் தனித்தனியே காட்டிக் கேட்டேன். பாதி எழுத்து அறிந்திருந்தான். மெய்யோடு உயிர் சேரும்போது வரும் குறிகள் எதுவும் அவனுக்குத் தெரியவில்லை.

அவன் நாள் தவறாமல் பள்ளிக்குச் சென்றவன். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் ஒரே குரலில் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டுப் பாடத்தை மனப்பாடம் செய்திருந்தான். ஒரு பக்கத்தை அப்படியே நெஞ்சில் நிறுத்தும் பிள்ளைக்கு மூளையில் குறை என்று யார் சொல்ல முடியும்?

இவன் ஒருவன் கதை என்று எண்ணிவிட வேண்டாம். 'அசர்' என்ற கணக்கெடுப்பு நம் நாட்டின் ஊர்ப்புறங்களில் 2005 முதல் நடந்து வருகிறது. அசர் என்றால் தாக்கம், பயன் என்று பொருள். தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று, ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அமர்த்தி, ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுகிறார்கள். தாளில் எழுத்துக்கள், சிறு சொற்கள், நான்கு வரியில் ஒரு பத்தி, ஒரு சிறு கதை ஆகியவை உள்ளன. கதை இரண்டாம் வகுப்பு நிலையில் உள்ளது. 2024ஆம் ஆண்டுக் கணக்கின்படி, ஐந்தாம் வகுப்பில் படிக்கும் ஊர்ப்புறப் பிள்ளைகளில் அந்தக் கதையை வாசிக்க வல்லவர் நூற்றுக்கு 49 பேரே. எஞ்சியோரும் பள்ளியில்தான் இருக்கிறார்கள். அவர்கள் கையிலும் ஐந்தாம் வகுப்புப் புத்தகம்தான் இருக்கிறது.

பினே செய்த தொண்டு

பின்தங்கும் பிள்ளைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1904இல் பிரெஞ்சு அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது. வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளில் யாருக்குத் தனிக் கவனம் வேண்டும் என்று கண்டறிவது அதன் நோக்கம். ஆசிரியரின் விருப்பு வெறுப்பை மட்டும் நம்பி இதைச் செய்யலாகாது என்று கருதினார் ஆல்பிரட் பினே என்னும் உளநூலார். தியோடோர் சீமோன் என்னும் மருத்துவருடன் சேர்ந்து 1905இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார். இக் காலத்து அறிவுச் சோதனைகளுக்கெல்லாம் அதுவே மூத்தது.

பினேயின் கருத்தைப் பலர் மறந்துவிட்டார்கள். உதவி தேவைப்படும் பிள்ளையைக் கண்டுபிடித்து உதவுவதற்காகவே அவர் அளவுகோலைச் செய்தார். ஒருவனுடைய அறிவு கூட்டவும் குறைக்கவும் முடியாத நிலையான அளவு என்ற எண்ணத்தை அவர் 1909இல் எழுதிய நூலில் வன்மையாக மறுத்தார். பயிற்சியால் கவனமும் நினைவும் தெளிவும் வளரும் என்று வாதாடினார். 1911இல் அவர் மறைந்தார். அந்த அளவுகோல் அமெரிக்காவுக்கும் சென்றது. அங்கே பலர் கையில் அது பிள்ளைகளின் நெற்றியில் குத்தும் முத்திரையாக மாறிவிட்டது. இவனுக்கு வரும், இவனுக்கு வராது என்று பிரிப்பதற்கு அது பயன்பட்டது.

அளப்பது தவறன்று. அளந்த பின் என்ன செய்கிறோம் என்பதே கேள்வி. மருத்துவர் காய்ச்சலை அளக்கிறார். அடுத்து மருந்து கொடுக்கிறார். அளந்துவிட்டு, 'உனக்குக் காய்ச்சல். போய் வா' என்று அனுப்பினால் அவரை மருத்துவர் என்போமா?

பாடம் ஓரிடம், பிள்ளை ஓரிடம்

பிள்ளைகள் ஏன் பின்தங்குகிறார்கள்? வறுமை, நோய், பசி, வீட்டில் எழுத்தறிந்தார் இல்லாமை ஆகிய காரணங்களை நாம் அறிவோம். கண் மங்கலாகத் தெரியும் பிள்ளையும், காது மந்தமான பிள்ளையும் அதைச் சொல்லத் தெரியாமல் கடைசிப் பெஞ்சில் இருந்துவிடுவதுண்டு. நல்ல அறிவிருந்தும் எழுத்துக்களை ஒலிகளோடு இணைப்பதில் பெரிதும் இடர்ப்படும் பிள்ளைகளும் உண்டு. டிஸ்லெக்சியா என்னும் இக் குறைக்குத் தேர்ந்தவர்களின் பயிற்சி தேவை. 2016இல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இத்தகைய கற்றல் குறைபாடுகளையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

ஆனால் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் பின்தங்கியிருக்கும்போது, எல்லோருக்கும் உடற்குறை என்று கூற முடியாது. காரணம் பள்ளி நடக்கும் முறையிலும் இருக்கவேண்டும்.

முதலில் எழுத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழில் 247 எழுத்து. உயிரும் மெய்யும் சேரும்போது குறிகள் முன்னும் பின்னும் மேலும் கீழும் அமைகின்றன. இந்தியிலும் கன்னடத்திலும் நிலை ஏறத்தாழ இதுவே. கன்னடப் பிள்ளைகளிடையே ஆராய்ச்சி செய்த சோனாலி நாக் என்னும் அறிஞர், எழுத்து முழுவதும் கைவருவது முதல் வகுப்பில் முடிந்துவிடுவதில்லை, தொடக்கப் பள்ளியின் மேல் வகுப்புகள் வரையிலும் நீள்கிறது என்று கண்டார். இருபத்தாறு எழுத்து ஆங்கிலத்துக்கும் நம் மொழிகளுக்கும் உள்ள வேறுபாடு இது. பாடப் புத்தகமோ அதுவரை காத்திருப்பதில்லை. இரண்டாம் வகுப்பிலேயே பத்தி பத்தியாகப் பாடம் வந்துவிடுகிறது. சில குறிகளைத் தவறவிட்ட பிள்ளை அங்கேயே நின்றுவிடுகிறது. வண்டி போய்விடுகிறது.

எழுத்தைக் கூட்டுவதற்கே முழுக் கவனமும் செலவாகிவிட்டால் பொருளை அறியக் கவனம் எஞ்சுவதில்லை. ஒரு வரியின் கடைசிச் சொல்லை எட்டுவதற்குள் முதற்சொல் மறந்துபோகும். இந்தச் செய்தித்தாளை வாசிக்க முயன்ற நாட்களில் நாமே இதை அனுபவித்திருக்கிறோம். வாசிக்க முடியாத பிள்ளைக்கு வரலாறும் புரியாது, பூகோளமும் புரியாது, கணக்கில் எழுதியிருக்கும் கேள்வியும் புரியாது. ஒரு குறை பல குறைகளாகப் பெருகுகிறது.

கெனியா நாட்டில் நடந்த ஆராய்ச்சி ஒன்று இங்கே நினைக்கத்தக்கது. பாடப் புத்தகம் இல்லாமையே குறை என்று கருதிச் சில பள்ளிகளுக்குப் புத்தகங்களை இலவசமாகக் கொடுத்தார்கள். மைக்கேல் கிரமரும் அவருடன் உழைத்தவர்களும் பயனை அளந்து பார்த்தார்கள். சராசரி மதிப்பெண் உயரவில்லை. முன்பே நன்றாகப் படித்த பிள்ளைகள் மட்டும் பயன் பெற்றார்கள். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது; பல பிள்ளைகளுக்கு அது மூன்றாம் மொழி. வாசிக்க முடியாதவன் கையில் புத்தகத்தைக் கொடுத்து என்ன பயன்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அந்த ஏட்டையே வாசிக்க முடியாவிட்டால் சுரைக்காயும் இல்லை.

சீட்டுக் குலுக்கி ஒரு பரிசோதனை

நோய் இது என்று ஊகித்துவிட்டால் போதாது. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கவேண்டும். ஒரு பள்ளியில் புதுமுறையைக் கையாண்டு பிள்ளைகள் முன்னேறினார்கள் என்றால், அது முறையின் பயனா, நல்ல ஆசிரியர் வாய்த்ததன் பயனா, ஓராண்டு வயது கூடியதன் பயனா என்று எவ்வாறு அறிவது?

இக் கேள்விக்கு விடை வயலிலிருந்து வந்தது. எரு நல்லதா என்று அறிய, நல்ல நிலத்துக்கு எரு இட்டு, கெட்ட நிலத்தை எருவின்றி விட்டால் முடிவு பொய்யாகும். நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, எந்தப் பாத்திக்கு எரு என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்யவேண்டும் என்றார் ரொனால்ட் பிஷர் என்னும் ஆங்கில அறிஞர். 1935இல் அவர் வெளியிட்ட நூல் இம் முறைக்கு அடிப்படையாயிற்று. சீட்டுக்கு வேண்டியவர் வேண்டாதவர் இல்லை. உத்திரமேரூரில் குடவோலை கண்ட நம் முன்னோருக்கு இந்த நியாயம் புதிதன்று.

இந்த முறை 2001இல் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்தது. பம்பாயில் 1990களில் தோன்றிய 'பிரதம்' என்ற தொண்டு நிறுவனம், 'பால்சகி' என்ற திட்டத்தை நடத்தி வந்தது. பால்சகி என்றால் குழந்தைத் தோழி. பள்ளிப் படிப்பு முடித்த இளம் பெண் ஒருத்தி, அதே வட்டாரத்தில் வாழ்பவள், சிறு ஊதியத்துக்கு அமர்த்தப்படுவாள். மூன்றாம் நான்காம் வகுப்பில் மிகவும் பின்தங்கிய பதினைந்து இருபது பிள்ளைகளை நாள்தோறும் இரண்டு மணி நேரம் தனியே அழைத்துச் செல்வாள். வகுப்புப் பாடத்தைத் தொடமாட்டாள். எழுத்து, சொல், எண், கூட்டல் என்று அவர்கள் தவறவிட்டதையே கற்றுக் கொடுப்பாள்.

அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுப்லோ முதலிய பொருளியலார் இதனை 2001 முதல் 2003 வரை பம்பாயிலும் வடோதராவிலும் சோதித்தனர். சில பிள்ளைகளுக்குத் தோழியைக் கொடுத்து மற்றவர்களை வெறுங்கையோடு விடுவது முறையா என்ற கேள்வி எழும். வடோதராவில் இதற்கு நல்ல வழி கண்டார்கள். பள்ளிகளை இரண்டு தொகுதியாகச் சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள். ஒரு தொகுதிக்கு மூன்றாம் வகுப்பில் பால்சகி. மற்றத் தொகுதிக்கு நான்காம் வகுப்பில் பால்சகி. அடுத்த ஆண்டு மாற்றிக்கொண்டார்கள். எந்தப் பள்ளியும் வெறுங்கையோடு இருக்கவில்லை. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒப்பு நோக்க இணையும் கிடைத்தது.

முடிவு என்ன? முதலாண்டில் முன்னேற்றம் தெரிந்தது. இரண்டாம் ஆண்டில் அது இருமடங்காயிற்று. நூறு பிள்ளைகளை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், நடுவில் நின்ற பிள்ளை ஏறத்தாழ 11 பேரைக் கடந்து முன்னே செல்லும் அளவு முன்னேற்றம் அது. பயன் பெற்றவர்கள் பெரும்பாலும் கடைசியில் இருந்த பிள்ளைகளே. இன்னொன்றும் தெரிந்தது. பின்தங்கியவர்கள் வெளியே சென்றதால் வகுப்பில் கூட்டம் குறைந்தது. ஆயினும் அங்கே தங்கிய பிள்ளைகள் அதனால் கூடுதலாக முன்னேறவில்லை. வகுப்பில் கூட்டம் குறைவது மட்டும் போதாது. பாடம் பிள்ளை நிற்கும் இடத்துக்கு இறங்கி வரவேண்டும் என்பதை இது காட்டிற்று. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுப்லோ, மைக்கேல் கிரமர் ஆகிய மூவருக்கும் இத்தகைய பரிசோதனைகளுக்காக 2019இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அண்டை மாவட்டத்துச் செய்தி

நாம் வாழும் காசியிலிருந்து அறுபது கிலோமீட்டர் அளவில் உள்ளது ஜவுன்பூர். அம் மாவட்டத்தின் 280 கிராமங்களில் 2005இலும் 2006இலும் ஒரு பரிசோதனை நடந்தது. முதலில் பிள்ளைகளைச் சோதித்தார்கள். ஏழு முதல் பதினான்கு வயது வரை உள்ளவர்களில், ஒரு சிறு கதையை வாசித்துப் பொருள் சொல்லக்கூடியவர் நூற்றுக்கு நாற்பதுக்கும் குறைவாக இருந்தார்கள். பெற்றோர்களில் பலர் இதை அறியவில்லை. பிள்ளை நாள்தோறும் பள்ளிக்குப் போகிறது. ஆகவே படிக்கிறது என்று நம்பியிருந்தார்கள்.

கிராமங்களைச் சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள். சிலவற்றில் ஊர்க் கூட்டம் கூட்டி, கல்விக் குழுவின் உரிமைகளை எடுத்துச் சொன்னார்கள். சிலவற்றில் அத்துடன், பிள்ளைகளை எவ்வாறு சோதிப்பது என்றும் ஊராருக்குக் கற்றுக் கொடுத்தார்கள். வேறு சிலவற்றில் இவற்றோடு மூன்றாவதாக ஒன்றையும் செய்தார்கள்: உள்ளூர் இளைஞர்களுக்கு நான்கு நாள் பயிற்சி கொடுத்து, மாலையில் வாசிப்பு வகுப்பு நடத்தச் செய்தார்கள். அவர்களுக்குச் சம்பளம் இல்லை.

கூட்டங்களால் மட்டும் பிள்ளைகளின் படிப்பில் மாறுதல் நிகழவில்லை. சோதிக்கக் கற்றுக் கொடுத்ததாலும் நிகழவில்லை. வாசிப்பு வகுப்புக்கு வந்த பிள்ளைகளிடம் மாறுதல் நிகழ்ந்தது. ஓர் எழுத்தும் அறியாதிருந்து, வகுப்புக்கு வந்த பிள்ளைகளில், வராத கிராமத்துப் பிள்ளைகளைக் காட்டிலும் நூற்றுக்கு 60 பேர் கூடுதலாக எழுத்தறிந்தார்கள். எழுத்து மட்டும் தெரிந்திருந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 26 பேர் கூடுதலாகக் கதை வாசிக்கும் நிலையை எட்டினார்கள். இரண்டு மூன்று மாத மாலை வகுப்பால், அதுவும் ஆசிரியப் பயிற்சி பெறாத இளைஞர்களால் இது முடிந்தது. "இவனுக்கு வராது" என்று தீர்ப்புச் சொல்லப்பட்ட பிள்ளைகள் இவர்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

அவ் வகுப்புகளில் மந்திரம் எதுவும் இல்லை. எந்த வகுப்பு, எத்தனை வயது என்று பார்க்காமல், எது தெரியும் என்று பார்த்துப் பிள்ளைகளைக் குழுவாக அமர்த்துகிறார்கள். எழுத்துக் குழு, சொற் குழு, பத்திக் குழு, கதைக் குழு என்று அவை அமைகின்றன. முதலில் ஆசிரியர் ஒரு கதையை உரக்க வாசிக்கிறார். பிள்ளைகள் விரல் வைத்துத் தொடர்கிறார்கள். கதையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். உயிர்மெய் அட்டவணையை வரிசையாகவும் தலைகீழாகவும் வாசிக்கிறார்கள். எழுத்தட்டைகளைக் கூட்டிச் சொல் அமைத்து விளையாடுகிறார்கள். தெரிந்த சொற்களைக் கொண்டு தாமே ஒரு வரி எழுதுகிறார்கள். சில வாரத்துக்கு ஒருமுறை மீண்டும் சோதிக்கிறார்கள். முன்னேறிய பிள்ளை அடுத்த குழுவுக்குச் செல்லுகிறது. பினே விரும்பியது போல், இங்கே அளப்பது அடுத்த படியைக் காட்டுவதற்கே.

ஆசிரியரைக் குறை கூறலாமா?

இவ்வளவு எளிய செயலை ஆசிரியர்கள் ஏன் செய்வதில்லை என்று கேட்கத் தோன்றும். பீகாரில் 2008இல் இதற்கு விடை கிடைத்தது. கோடை விடுமுறையில் ஒரு மாதம், அரசாங்கப் பள்ளி ஆசிரியர்களே இம் முறையில் முகாம் நடத்தினார்கள். பிள்ளைகள் முன்னேறினார்கள். ஆனால் பள்ளி நாட்களில், பயிற்சியும் கருவிகளும் ஆசிரியர் கையில் கொடுத்தபோது பயன் தெரியவில்லை. ஆசிரியருக்குத் திறமை இல்லாமலில்லை. கோடையில் அவர்களே செய்து காட்டினார்கள். பள்ளி திறந்ததும் பாடத்திட்டம் அவர்களைத் துரத்திற்று. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், குறித்த காலத்துக்குள் பாடத்திட்டம் முழுவதையும் முடிப்பது ஆசிரியர் கடமை என்றே விதிக்கிறது. பாடம் முடிந்ததா என்று கேட்க ஆள் உண்டு. பிள்ளைக்குப் புரிந்ததா என்று கேட்க ஆளில்லை.

இந்தத் தோல்வியையும் ஆராய்ச்சியாளர் மறைக்கவில்லை. அதிலிருந்தே அடுத்த படி பிறந்தது. ஹரியானாவில் 2012-13இல் பள்ளி நேரத்திலேயே நாள்தோறும் ஒரு மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்கினார்கள். அந்த ஒரு மணி நேரம் வகுப்புப் பிரிவு இல்லை. நிலைப் பிரிவு மட்டுமே. மேற்பார்வையாளரும் வந்து பார்த்து உதவினார்கள். இந்தி வாசிப்பு உயர்ந்தது. அடுத்து, நம் உத்தரப் பிரதேசத்தில் 2013-14இல் பள்ளிகளுக்குள்ளேயே பத்து நாள், இருபது நாள் முகாம்களாக, ஆண்டில் மொத்தம் ஐம்பது நாள் நடத்தினார்கள். முகாம் இல்லாத பள்ளிகளில் ஆண்டு முடிவில் பத்தியோ கதையோ வாசிக்க வல்லவர் நூற்றுக்கு 24 பேர் என்றால், முகாம் நடந்த பள்ளிகளில் ஏறத்தாழ இருமடங்கினர் வாசித்தார்கள். ஐம்பது நாளில் இது முடிந்தது என்றால், அதற்கு முன் பள்ளியில் கழிந்த ஆண்டுகளை என்னவென்று சொல்வது?

தமிழ்நாட்டில்

நம் ஊர்ச் செய்தியும் ஒன்று உண்டு. கொரோனா நோயினால் தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகள் ஏறத்தாழ பதினெட்டு மாதம் மூடிக் கிடந்தன. 2021இன் கடைசியில் அரசாங்கம் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டத்தைத் தொடங்கிற்று. ஏறத்தாழ இரண்டு லட்சம் தொண்டர்கள், பெரும்பாலும் பெண்கள், தம் தெருப் பிள்ளைகளை மாலையில் கூட்டி ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் கற்பித்தார்கள். திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் கூட வகுப்பு நடந்தது.

அபிஜீத் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூவர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். கணக்கிலும் தமிழிலும் பிள்ளைகள் பெரிதும் பின்தங்கியிருந்தார்கள். ஆனால் பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அம் மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இல்லம் தேடிக் கல்வியால் விளைந்தது என்று அவர்கள் கணித்தார்கள். 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், தொடக்க வகுப்புப் பிள்ளைகளை நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கும் முறையும் வந்தது. பின்தங்கிய பிள்ளைக்கு 'அரும்பு' என்று பெயரிட்டவர் யாரோ, அவர் வாழ்க. அரும்பு மலராது என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

எல்லையும் உண்டு

ஆராய்ச்சியின் சிறப்பைக் கூறியவன் அதன் எல்லையையும் கூறவேண்டும். பால்சகியின் உதவி நின்று ஓராண்டு கழிந்ததும், பெற்ற பயனில் பெரும் பகுதி தேய்ந்துவிட்டது. ஜவுன்பூரில் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் சிறப்பாக முன்னேறினார்கள். ஆனால் வந்தவர்கள் நூற்றுக்கு 8 பேர்தான். ஓர் எழுத்தும் அறியாத பிள்ளைகளிலும் வந்தவர் நூற்றுக்கு 13 பேரே. மிகவும் தேவைப்பட்டவர்களே வராமல் நின்றுவிட்டார்கள். ஆகவே தொண்டர்களின் மாலை வகுப்பு பள்ளிக்கு மாற்றாகாது. பள்ளியே மாறவேண்டும். வாசிக்கத் தெரிந்தால் போதும், கல்வி முடிந்துவிட்டது என்றும் யாரும் கருதலாகாது. வாசிப்பு வாசற்படிதான், வீடு அதற்கு அப்பால் இருக்கிறது. ஆனால் வாசற்படியிலேயே பிள்ளையை நிறுத்திவைக்க நமக்கு உரிமை இல்லை.

நாம் செய்யத்தக்கது

நண்பர்களே! நாம் படித்து முடித்துப் பல துறைகளுக்குச் செல்லவிருக்கிறோம். சிலர் ஆசிரியராவோம், சிலர் அதிகாரியாவோம், பெரும்பாலோர் பெற்றோராவோம். எங்கே சென்றாலும் 'படிப்பு வராத' ஒரு பிள்ளை நம் எதிரில் வந்து நிற்கும். அப்பொழுது தீர்ப்புச் சொல்ல வாயெடுக்கும் முன், ஒரு தாளை எடுப்போம். சில எழுத்து, சில சொல், நான்கு வரி, ஒரு சிறு கதை எழுதுவோம். பிள்ளையைத் தனியே, அன்போடு வாசிக்கச் சொல்லுவோம். எங்கே நிற்கிறதோ அங்கே தொடங்குவோம். மனப்பாடத்தைக் கண்டு ஏமாறாமல் விரலையும் பார்ப்போம். நான்கு வாரம் கழித்து மீண்டும் சோதித்து, முன்னேற்றம் இல்லையென்றால் நம் முறையை மாற்றுவோம். கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்டுவோம். இவ்வளவையும் செய்ய ஐந்து நிமிடமும் ஒரு தாளும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

நம் வளாகத்தைச் சுற்றிலும், விடுதியிலும் கடைகளிலும் உழைப்போரின் பிள்ளைகள் இருக்கிறார்கள். நமக்கு இந்தி சரியாக வராதே என்று தயங்க வேண்டாம். எழுத்துக் கூட்டி வாசிக்கும் துன்பத்தை அண்மையில் அனுபவித்தவன், அத் துன்பத்தில் இருக்கும் பிள்ளைக்கு நல்ல துணையாவான். வாரத்தில் மூன்று மாலை, ஒவ்வொரு மணி நேரம் நம் சங்கம் இதற்கென்று ஒதுக்கலாகாதா?

அந்தச் சமையற்கூடத்துச் சிறுவனைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அவனும் நானும் உயிர்மெய் அட்டவணையிலிருந்து தொடங்கினோம். சில குறிகளில் அவன் தவறினான். சிலவற்றில் நான் தவறினேன். ஒருவரை ஒருவர் திருத்திக்கொண்டோம். மூன்று மாதம் சென்றது. ஒருநாள் மாலை, நான் வாங்கி வந்த வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து, கடலையை ஒரு பக்கம் கொட்டிவிட்டு, கசங்கிய தாளை நீவி, அதில் இருந்த செய்தியை விரல் வைத்து வாசிக்கத் தொடங்கினான். அது அவன் இதற்கு முன் கேட்டறியாத செய்தி. மெதுவாகத்தான் வாசித்தான், இரண்டு இடத்தில் தடுக்கிற்று. ஆனால் விரலும் வாயும் ஒரே இடத்தில் இருந்தன.